மழையில் ஒரு பழைய மடம்: கோவா பயணக் குறிப்புகள்

ஜூலை 8, செவ்வாய் – பணஜி

மழைக்காலத்தில் கோவாவுக்குப் போக வேண்டாம் என்று எங்களிடம் சொன்ன எல்லாரும் கடற்கரையை மனத்தில் வைத்துச் சொன்னார்கள். தூத்துக்குடிக்காரர்களுக்குக் கடல் பார்க்க அவ்வளவு தூரம் போக வேண்டியதில்லை. நாங்கள் வந்தது மதினியின் நேர்த்திக்கடனுக்காக. என் கணவரின் அக்கா அவர். புனித சவேரியாரின் உடலைப் பத்து ஆண்டுக்கு ஒருமுறை கீழே இறக்கி எல்லாரும் பார்க்க வைப்பார்கள். கடைசியாக 2024 நவம்பர் 21 முதல் 2025 ஜனவரி 5 வரை வைத்தார்கள். மதினி அப்போது முழங்கால் அறுவை சிகிச்சை முடிந்து கட்டிலில் இருந்தார். கால் ஊன்றி நடக்கத் தொடங்கியதும் அந்த உடல் இருக்கும் பேழையையாவது பார்த்துவிட வேண்டும் என்று சொல்லிவிட்டார். பள்ளி விடுமுறை, மழை என்றெல்லாம் நாள் பார்க்க யாருக்கும் மனம் வரவில்லை.

இங்கே மழை எங்கள் ஊர் மழை போல் வந்து போவதில்லை, வந்தால் தங்கிவிடுகிறது. கோவாவில் ஓர் ஆண்டில் சுமார் 3000 மில்லிமீட்டர் பெய்கிறது. தூத்துக்குடியில் ஆண்டு முழுவதும் பெய்வது அதில் கால் பங்குகூட இல்லை. ரயிலை விட்டு இறங்கி ஆட்டோவில் ஏறுவதற்குள் நான், கணவர், மதினி மூன்று பேரும் நனைந்தோம். விடுதி அறையின் ஜன்னல் ஓரமாகத் தண்ணீர் இறங்கிக்கொண்டிருந்தது. மேலாளரிடம் சொன்னபோது ஒரு வாளியைக் கொடுத்தனுப்பினார். வேறு அறை கேட்டோம், நாளைக்கு என்றார்.

இரவு பக்கத்துத் தெருவில் சிறிய சாப்பாட்டுக் கடை. மீன் சாப்பாடு 220 ரூபாய். கோவாவில் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை விசைப்படகு மீன்பிடித் தடைக்காலம். நம் கிழக்குக் கரைக்கு அது ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை. அதனால் கடல்மீன் அதிகம் இல்லை என்று கடைக்கார அம்மா முன்கூட்டியே சொல்லிவிட்டுத்தான் உட்கார வைத்தார். அதற்குப் பதிலாகக் கிஸ்மூர் வந்தது. காய்ந்த கூனி இறாலை வறுத்து, தேங்காய்த் துருவலும் பச்சை வெங்காயமும் புளிப்பும் சேர்த்துப் பிசைந்தது. மதினி ஒரு வாய் எடுத்துவிட்டு, "இது நம் வீட்டுக் கருவாட்டுப் பொடிக்குத் தங்கச்சி" என்றார். மழைக்கு முன்பே கருவாடும் வத்தலும் வாங்கி வைத்துக்கொள்வது இங்கே வீட்டுக்கு வீடு வழக்கமாம். கடைசியில் கோகம் என்னும் புளிப்புப் பழத்தின் சாறும் தேங்காய்ப்பாலும் கலந்த இளஞ்சிவப்பு நிறத்துச் சோல் கடி. நனைந்த உடம்புக்கு அது தேவையாக இருந்தது.

ஜூலை 9, புதன் – பழைய கோவா

காலையில் எங்களை எழுப்பியது ரொட்டிக்காரரின் சைக்கிள் ஊதல். பெரிய கூடையை நீல பிளாஸ்டிக் தாளால் மூடிக் கட்டியிருந்தார். தவிட்டு மாவு தூவிய சூடான போயி ரொட்டி. சில்லறை இல்லை என்று தடுமாறியபோது, "நாளைக்குக் கொடுங்கள்" என்று சொல்லிவிட்டு அடுத்த வாசலுக்குப் போய்விட்டார். வெளியூர்க்காரர்கள் என்று தெரிந்தும் அப்படிச் சொன்னார்.

பணஜியிலிருந்து பழைய கோவா பத்து கிலோமீட்டருக்குள்தான். பஸ்ஸில் ஆளுக்கு இருபது ரூபாய். ரிபந்தரை நோக்கிப் போகும்போது இருபுறமும் தண்ணீர் தெரிகிற மூன்று கிலோமீட்டர் கல்பாதையில் பஸ் ஓடுகிறது. 1630களில் லின்யாரெஸ் பிரபு போர்ச்சுகீசிய வைஸ்ராயாக இருந்தபோது கட்டியது. இந்த மழையிலும் அது அசையாமல் நிற்கிறது.

சவேரியாரின் பேழை இருக்கும் போம் ஜேசு பேராலயத்தில் கூட்டமே இல்லை. 1594இல் தொடங்கி 1605இல் அர்ச்சித்த கோயில். வெளிச்சுவரின் சுண்ணாம்புப் பூச்சை 1950களில் உரித்துவிட்டார்கள். அதனால் செம்புரைக்கல் இப்போது நேரடியாக மழையை வாங்கிக்கொண்டிருக்கிறது. துளைத்துளையான கல், பூச்சு என்னும் தோல் இல்லாமல் அது இந்த ஊர் மழைக்குத் தாங்காது. மறுபடி பூச வேண்டும் என்று இங்கே பலரும் கேட்டுவருகிறார்கள். ஈரத்தில் கறுத்துப்போன அந்தச் சுவரைக் கையால் தொட்டுப் பார்த்த பிறகு நானும் அவர்கள் பக்கம்தான்.

மதினி பேழைக்கு எதிரே உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை. சவேரியார் 1542இல் எங்கள் முத்துக்குளித்துறைக்கு வந்தார். அவர் கடற்கரையில் சொல்லிக் கொடுத்த தமிழ்ச் செபங்களின் வழியில் வந்தவர்கள்தான் எங்கள் வீட்டுப் பெரியவர்கள். பேழையைச் செய்தவர்கள் கோவாவின் வெள்ளிப் பத்தர்கள், ஆண்டு 1636-37. அதன் கீழே இருக்கும் பளிங்கு மேடை இத்தாலியின் டஸ்கனி பெருங்கோமகன் மூன்றாம் கோசிமோ அனுப்பியது. 1698இல் இங்கே அமைத்தார்கள். மதினிக்கு இந்த விவரங்கள் தேவைப்படவில்லை. எங்கள் ஊர்ச் செபங்களை முணுமுணுத்தபடி ஒரு மணி நேரம் இருந்தார். பக்கத்தில் ஒரு கோவா மூதாட்டி கொங்கணியில் முணுமுணுத்துக்கொண்டிருந்தார். இருவரும் ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்தார்கள். போகும்போது அந்த அம்மா தன் கையிலிருந்த மெழுகுவத்தியில் ஒன்றை மதினியிடம் கொடுத்துவிட்டுப் போனார்.

எல்லாரும் இத்துடன் எதிரே இருக்கும் கதீட்ரலையும் பார்த்துவிட்டுப் பஸ் ஏறிவிடுகிறார்கள். என் கணவர்தான் மேற்கே தெரிந்த சரிவைக் காட்டி, "அங்கே என்ன?" என்று கேட்டார். அதைப் புனிதக் குன்று என்கிறார்கள். ஏறத் தொடங்கியதும் ஒரு பக்கம் மேகத்துக்குள் பாதி மறைந்த இடிந்த கோபுரம். மறுபக்கம் மூன்று மாடியில், கோட்டையோ என்று நினைக்க வைக்கும் ஒரு கட்டடம். தெருவரைக்கும் கால் நீட்டி நிற்கும் பெரிய பெரிய முட்டுச் சுவர்கள். அந்த முட்டுகளின் கீழே நடந்தபோது மழைச் சத்தம்கூட மாறிவிட்டது. அதுதான் சாந்தா மோனிக்கா, புனித மோனிக்கா கன்னியர் மடம்.

அருங்காட்சியகம் மூடும் நேரம் நெருங்கிவிட்டது. காவலர் உள்ளே விடவில்லை. ஆனால் மதினியின் காலைப் பார்த்துவிட்டுத் தன் நாற்காலியை எடுத்து இறவாரத்தின் கீழே போட்டார். "அரை மணி நேரத்தில் பார்த்துவிட்டுப் போகிற இடமில்லை இது. நாளை காலையில் வாருங்கள்" என்றார். அந்த ஒரு வார்த்தைக்காக, வியாழக்கிழமை தூத்சாகர் அருவி பார்க்கப் போட்டிருந்த திட்டத்தை விட்டோம்.

ஜூலை 10, வியாழன் – சாந்தா மோனிக்கா

இன்று எழுத நிறைய இருக்கிறது. விடுதியில் மின்சாரம் போய்ப் போய் வருகிறது. மெழுகுவத்தி வெளிச்சத்தில் எழுதுகிறேன். அந்த மூதாட்டி கொடுத்ததல்ல, அதை மதினி ஊருக்குக் கொண்டுபோகிறார்.

மடத்தைத் தொடங்கியவர் பேராயர் அலெய்ஷோ தே மெனேசஸ், 1606இல். கேரளத்தில் உதயம்பேரூர்ச் சங்கம் என்னும் திருச்சபைக் கூட்டத்தை 1599இல் கூட்டியவர் இவர்தான். மார்த்தோமா கிறிஸ்தவர்களின் பழைய நூல்களைக் கொளுத்த வைத்த கதையின் வழியாகத்தான் தென்னாட்டில் இவரைத் தெரியும். பெண்களுக்கென்று அவர் கோவாவில் வேறு இரண்டு இல்லங்களும் தொடங்கினார்: ஆதரவற்ற பெண்களுக்குச் செர்ரா மாதா பெயரில் ஒன்று, வழிதவறியவர்கள் என்று ஊர் ஒதுக்கிய பெண்களுக்கு மரிய மதலேனாள் பெயரில் ஒன்று. மூன்றாவதுதான் இந்த மடம். மெனேசஸ் அகுஸ்தினார் சபைத் துறவி. அதனால் மடமும் அகுஸ்தினாரின் ஒழுங்கில் அமைந்தது. புனித அகுஸ்தினாரின் தாய் மோனிக்காவின் பெயரும் வந்தது. கட்டி முடிய 1627 ஆயிற்று. கீழை நாடுகளிலேயே முதல் கன்னியர் மடம் இது. போர்ச்சுகல் அரசரின் ஆதரவில் இருந்ததால் அரச மடம் என்றும் பெயர்.

ஆனால் இத்தனை ஆண்டுக் கணக்கும் வெளிச்சுவரைப் பற்றியது. என்னைப் பிடித்துக்கொண்டது உள்ளே இருந்தவர்களின் வாழ்க்கை. துறவு வார்த்தைப்பாடு கொடுத்து உள்ளே வந்த ஒரு பெண் திரும்ப வெளியே போவதில்லை. கிராதிக்குப் பின்னால்தான் உறவினரோடு பேச்சு. இத்தகைய மடங்களில் பண்டம் கொடுக்கவும் வாங்கவும் சுவரில் பதித்த சுழல் பெட்டி இருக்கும், வைப்பவர் முகம் எடுப்பவருக்குத் தெரியாது. மதினி இதைக் கேட்டதும், சின்ன வயதில் கார்மேல் மடத்தில் இருந்த தன் சின்னம்மாவைப் பார்க்கப் போனதைச் சொன்னார். "கம்பிக்கு அந்தப் பக்கம் திரை. குரல் மட்டும்தான் வந்தது. எங்கள் அம்மா அந்தக் குரலிடம் பேசிப் பேசி அழுதாள். சின்னம்மா சிரித்துக்கொண்டே இருந்தாள். அவள் சந்தோஷமாகத்தான் இருந்தாள், அதுதான் அம்மாவுக்குத் தாங்கவில்லை." முப்பது ஆண்டுகளாக இந்தக் குடும்பத்தில் இருக்கிறேன், இதை நான் இதுவரை கேட்டதில்லை.

நூறு கன்னியர் என்பது இந்த மடத்தின் வரம்பு. அவர்களில் இரண்டு பிரிவு: கறுப்பு முக்காட்டுக்காரர்கள் பாடகர் தளத்தில் இருந்து லத்தீனில் திருப்புகழ்மாலை பாடுவார்கள். மடத்தின் பதவிகள் அவர்களுக்கு. வெள்ளை முக்காட்டுக்காரர்களுக்கு அடுப்படியும் தோட்டமும் நோயாளி அறையும். கறுப்பு முக்காடு பெரும்பாலும் சீதனத்தோடு வந்த போர்ச்சுகீசியக் குடும்பத்துப் பெண்களுக்கு. இந்த மண்ணில் பிறந்த பெண்களுக்கு இடம் கிடைத்தாலும் அது வெள்ளை முக்காட்டில்தான். அவர்களுக்கும் கீழே அடிமைப் பெண்கள். இறைவன் வீட்டுக்குள்ளும் ஊரின் ஏற்றத்தாழ்வு அப்படியே வந்து உட்கார்ந்திருக்கிறது. இதைச் சொல்லாமல் இந்த மடத்தின் பெருமையை மட்டும் எழுத எனக்கு மனம் ஒப்பவில்லை.

ஆனாலும் அந்தக் காலத்துக் கோவாவில் ஒரு பெண் கையெழுத்துப் போட்டு நிலம் வாங்கவும் விற்கவும், தன்னைப் போன்ற பெண்களின் வாக்கால் தலைவியாகவும் முடிந்த இடம் வேறு எது? தொடக்க காலத் தலைவி பிலிப்பா த திரிந்தாதே கணவரை இழந்த பிறகு மகளோடு துறவுக்கு வந்தவர். மறுமணத்துக்கு ஊர் நெருக்கியிருக்கக்கூடிய ஒரு பெண், மடத்தின் வரவு செலவையும் வாழ்வையும் ஆண்டுக்கணக்கில் தாங்கினார். நகரசபைக்கு இது பிடிக்கவில்லை. செல்வமான விதவைகளும் பெண்களும் சீதனத்தோடு மடத்துக்குள் போய்விடுகிறார்கள், மடம் ஊரின் சொத்தையெல்லாம் விழுங்குகிறது, படைவீரர்களுக்குப் பெண் கிடைக்கவில்லை என்று அரசருக்கு முறையீடு போயிற்று. அந்த முறையீட்டில் பெண்ணின் விருப்பம் என்று ஒரு சொல்லாவது இருந்திருக்குமா என்று நினைத்துக்கொண்டே நடந்தேன்.

1636இல் மடம் தீயில் அழிந்தது. மறு ஆண்டே திரும்பக் கட்டினார்கள். நேற்று பார்த்த சவேரியார் பேழையைப் பத்தர்கள் கீழே தட்டிக்கொண்டிருந்த ஏறக்குறைய அதே காலத்தில் மேலே குன்றில் கொத்தனார்கள் கல் அடுக்கிக்கொண்டிருந்திருக்கிறார்கள். அதே 1636இல்தான் இங்கே சிலுவையில் பாடுபட்ட இயேசுவின் சுரூபம் கண் திறந்தது, முள்முடியிலிருந்து இரத்தம் கசிந்தது என்ற புதுமையும், அதாவது அற்புதமும், பேசப்பட்டது. மடத்தின் பொறுப்பில் இருந்த துறவி தியோகோ தெ சாந்தா அனா அந்தப் புதுமைக்காக வாதாடி எழுதினார். மடத்துக்கு எதிராகக் குரல் எழும்பியிருந்த காலத்தில் நடந்ததால் அதை அரசியலாகவே பார்க்கிறவர்கள் உண்டு. நான் அந்தச் சிலுவையின் முன் முழந்தாளிட்டேன். இருநூற்றைம்பது ஆண்டுகளுக்கு மேல் பெண்கள் தங்கள் துக்கத்தையெல்லாம் கொண்டுவந்து வைத்த இடம் அது. எனக்கு அதுவே போதுமானதாக இருந்தது.

கிறிஸ்தவக் கலை அருங்காட்சியகம் மடத்தின் ஒரு பகுதியில் இருக்கிறது. 1994இல் ராஷோல் குருமடத்தில் தொடங்கியதைப் பின்னர் இங்கே மாற்றினார்கள். பெரிய அளவில் புதுப்பித்து 2022இல் மறுபடி திறந்தார்கள். தந்தத்தில் செய்த நல்லாயன் குழந்தை இயேசு, பாறை மேல் உறங்குவது போலக் கன்னத்தில் கை வைத்து உட்கார்ந்திருக்கிறார். கீழே அடுக்கடுக்காக ஆடுகள், நீரூற்று. பலமுறை படத்தில் பார்த்ததுதான், ஆனால் அந்த உட்காரும் விதம் புத்தரை நினைவூட்டும் என்று நேரில்தான் தெரிந்தது. வெள்ளியில் ஒரு பெலிக்கான் பறவை, தன் நெஞ்சைக் கொத்திக் குஞ்சுகளுக்கு இரத்தம் கொடுக்கும் தாய். நற்கருணை வைக்கும் பாத்திரம் அது. இவற்றைச் செய்த கைகளில் பல இந்துப் பத்தர்களுடையவை. திருச்சபை சார்ந்த சுரூபங்களை இந்துக்கள் செய்யக் கூடாது என்று சட்டம் போட்டுப் பார்த்தார்கள். பத்தர்கள் அவர்கள்தான் என்பதால் சட்டம் நிற்கவில்லை.

வெளியே வந்தபோது மழை சற்று விட்டிருந்தது. பக்கத்து வாசலில் குடையோடு இளம் சகோதரிகள் சிலர் போய்க்கொண்டிருந்தார்கள். 1964 முதல் இந்தக் கட்டடம் கன்னியருக்கான மாதெர் தேய் இறையியல் நிலையம். ஒரு சகோதரி எங்கள் தமிழைக் கேட்டுவிட்டு நின்றார். திண்டுக்கல் பக்கம் சொந்த ஊர். படிப்பு முடிய இன்னும் ஓர் ஆண்டு. "முதல் மழைக்காலத்தில் துணி எதுவும் காயாது என்று அழுதேன். இப்போது பழகிவிட்டது" என்றார். பழைய சகோதரிகளைப் பற்றிக் கேட்டேன். "அவர்கள் இந்த வாசலைத் தாண்டவே இல்லை. நாங்கள் இங்கே படித்துவிட்டு எங்கெங்கோ போகிறோம். ஆனால் அதே சுவர்தான், அதே படிதான்" என்று சொல்லிவிட்டு மதினியிடம் காலைப் பற்றி விசாரித்தார். இறங்கும் இடத்தில் பாசி இருக்கிறது, ஓரமாகப் போங்கள் அம்மா என்று சரிவின் முடிவு வரைக்கும் கைப்பிடித்துக் கூட வந்தார்.

ஜூலை 11, வெள்ளி – புனிதக் குன்று

எச்சரிக்கையை மீறிப் பாசி என் கணவரை வாரிவிட்டது. அகுஸ்தினார் ஆலய இடிபாட்டில் வழுக்கி விழுந்தார். முழங்கையில் சிராய்ப்பு, குடை இரண்டாக ஒடிந்தது. தொல்லியல் துறைப் பணியாளர் ஒருவர் ஓடி வந்து தூக்கி, தன் தேநீர்க் குடுவையிலிருந்து ஊற்றிக் கொடுத்த பிறகே காயத்தைப் பார்த்தார்.

மடத்துக்கு எதிரே, கூப்பிடு தூரத்தில் இந்த இடிபாடு. 1602இல் கட்டிய கோபுரம் 46 மீட்டர் உயரம். பாதி மட்டும் நிற்கிறது. இதைப் பற்றிச் சொல்வதானால் மடத்தின் கடைசிக் காலத்தையும் சேர்த்தே சொல்ல வேண்டும். 1834இல் போர்ச்சுகல் அரசு துறவற சபைகளை ஒழித்தது. ஆண் துறவிகள் 1835இல் கோவாவை விட்டு வெளியேறினார்கள். கன்னியரை மட்டும் வெளியேற்றவில்லை. இருப்பவர்கள் இருக்கலாம், புதிதாக யாரையும் சேர்க்கக் கூடாது என்றார்கள். ஆள் இல்லாத அகுஸ்தினார் ஆலயத்தின் வளைகூரை 1842இல் இடிந்து விழுந்தது. ஊரும் அப்போது காலியாகிக்கொண்டிருந்தது. கொள்ளை நோயும் காய்ச்சலும் விரட்டி, வைஸ்ராய்கள் 1759இலேயே பணஜிக்குப் போய்விட்டார்கள். 1843இல் தலைநகரமே முறைப்படி மாறியது. எதிர்வீட்டுக் கூரை இடிந்த சத்தம் மடத்துக்குள் கேட்டிருக்கும். அதற்குப் பிறகும் அவர்கள் மணி தவறாமல் எழுந்து பாடியிருக்கிறார்கள், ஆண்டுக்கு ஆண்டு குறைந்துகொண்டே வரும் குரல்களோடு. கடைசிக் கன்னி இறந்தது 1885இல். ஐம்பது ஆண்டுகள்! யாரையும் சேர்க்கக் கூடாது என்ற ஆணையை மீறவும் இல்லை, மடத்தை விட்டுப் போகவும் இல்லை. அதன் பிறகு அந்தக் கட்டடத்தில் படைவீரர்களைக் குடிவைத்தார்கள்.

பேராயர்களின் படங்கள் எங்கும் இருக்கின்றன. அந்தக் கடைசிச் சகோதரியின் பெயரைப் பெரிதாக எழுதி அந்த வாசலில் வைக்க வேண்டும் என்பது என் ஆசை.

இடிபாட்டுக்குள் இன்னொரு பெண்ணின் கதையும் கிடந்தது. ஜார்ஜியா நாட்டு அரசி கெத்தெவான். மதம் மாற மறுத்ததற்காகப் பாரசீக மன்னர் ஷா அப்பாஸ் 1624இல் ஷிராஸில் அவரைச் சித்திரவதை செய்து கொன்றார். அங்கிருந்த அகுஸ்தினார் துறவிகள் எலும்புகளில் சிலவற்றை எடுத்து 1627இல் இங்கே கொண்டுவந்தார்கள். பழைய போர்ச்சுகீசிய ஏட்டில் எந்த ஜன்னலுக்குக் கீழே என்று எழுதியிருந்ததை வைத்துத் தொல்லியல் துறை தோண்டியது. கிடைத்த கை எலும்பை ஹைதராபாத் உயிரணு ஆய்வு மையத்தில் மரபணுச் சோதனை செய்து அவருடையதாகவே இருக்கலாம் என்று சொன்னார்கள். 2021இல் அதில் ஒரு பகுதியை இந்தியா ஜார்ஜியாவுக்கு அளித்தது. மதினி அந்த வெற்றுத் தரையில் ஒரு நிமிடம் நின்று சிலுவை போட்டுக்கொண்டார்.

குன்றின் விளிம்பில் செபமாலை மாதா கோயில். 1540களில் கட்டியது, பழைய கோவாவில் இன்றும் நிற்கும் மிகப் பழைய கோயில்களில் ஒன்று. அங்கிருந்து மாண்டவி ஆறு சேறும் மழையுமாக அகலமாகத் தெரிந்தது. பசி வயிற்றைக் கிள்ளியது. சாலையோரக் கடையில் ரோஸ் ஆம்லெட், அதாவது ஆம்லெட் மேல் கோழிக் குருமாவை ஊற்றி, பச்சை வெங்காயம் தூவி, பாவ் ரொட்டியோடு. எண்பது ரூபாய். கட்டை விரல் வரைக்கும் குழம்பு.

ஜூலை 12, சனி – திவார் தீவு

பழைய கோவாவின் வைஸ்ராய் வளைவுக்குக் கீழே படகுத்துறை. நடந்து ஏறுபவர்களுக்குக் கட்டணம் கிடையாது. ஆற்று வேகத்தைப் பார்த்துப் படகை ஒரு மணி நேரம் நிறுத்தி வைத்தார்கள். பக்கத்தில் நின்ற பெண் தன் குடைக்குள் மதினியையும் இழுத்துக்கொண்டார். அவர் வீட்டிலேயே பெபிங்கா என்னும் அடுக்கு இனிப்பைச் செய்து விற்பவர் என்று பேச்சில் தெரிந்தது.

தீவில் அவர் வீட்டுத் திண்ணையிலேயே மதியம் போய்விட்டது. முட்டை மஞ்சள் கரு, தேங்காய்ப்பால், சர்க்கரை, மாவு, நெய், சாதிக்காய். ஒரு கரண்டி மாவு ஊற்றி, மூடியின் மேல் தேங்காய் மட்டைக் கனலை வைத்து, மேற்சூட்டில் சிவக்க வைத்து, நெய் தடவி, அதன் மேல் அடுத்த கரண்டி. ஒவ்வோர் அடுக்கும் வேகக் காத்திருக்க வேண்டும். அவசரப்பட்டால் அடுக்கு பிரியாது. இதை முதலில் செய்தவர் சாந்தா மோனிக்கா மடத்துச் சகோதரி பெபியானா என்றும், ஏழு அடுக்கு வைத்ததை மடத்துக் குரு சின்னது என்று சொன்னதால் பதினாறாக்கினார் என்றும் இங்கே வழிவழியாகச் சொல்கிறார்கள். ஏட்டில் இருக்கிறதோ இல்லையோ, மடங்களில் துறவாடைகளுக்குக் கஞ்சி போட வெள்ளைக் கருவை எடுத்துவிட்டு மீந்த மஞ்சள் கருவில் இனிப்புச் செய்வது போர்ச்சுகலின் பழைய வழக்கம் என்பார்கள். கோவா பெபிங்காவுக்கு 2023இல் புவிசார் குறியீடும் கிடைத்துவிட்டது.

அரைக்கிலோ 300 ரூபாய். காசு வாங்கிக்கொண்ட பிறகு, வெட்டும்போது உடைந்த ஓரங்களை எல்லாம் ஒரு கிண்ணத்தில் போட்டு எங்கள் முன் வைத்தார். நிறைய அடுக்கு, நிறைய நேரம், வெளியே நடக்க இடமில்லாத பெண்கள்: இந்தப் பண்டம் அப்படி ஓரிடத்தில்தான் பிறந்திருக்க முடியும் என்று எனக்குத் தோன்றுகிறது.

ஜூலை 13, ஞாயிறு – பணஜி

பணஜி அமலோற்பவ மாதா கோயிலில் காலைப் பூசை. வெள்ளை முகப்பின் மேல் தொங்கும் பெரிய மணி அகுஸ்தினார் கோபுரத்திலிருந்து வந்தது. இடையில் அகுவாதா கோட்டையின் கலங்கரை விளக்கத்தில் இருந்துவிட்டு 1871இல் இங்கே ஏற்றினார்கள். குன்றின் மேல் கன்னியர் விழித்ததுகூட இந்த மணியின் ஒலியைக் கேட்டுத்தான் இருந்திருக்கும். படிக்கட்டுகள் அதிகம். மதினி ஒவ்வொன்றாக ஏறினார்; இரண்டு கல்லூரிப் பையன்கள் இருபுறமும் வந்து, கேட்காமலே கை கொடுத்தார்கள்.

ரொட்டிக்காரருக்குப் புதன்கிழமைக் காசைக் கொடுத்தாகிவிட்டது. விடுதியில் வேறு அறை கடைசிவரை கிடைக்கவில்லை; வாளியை மட்டும் நாங்களே ஊற்றிக் காலி செய்துவிட்டுக் கிளம்பினோம்.

ரயில் நிலையத்தில் எங்கள் பெஞ்சில் ஒரு கோவாக் குடும்பம். வாஸ்கோவிலிருந்து வேளாங்கண்ணிக்கே நேராக ரயில் ஓடுகிறது. ஆகஸ்ட் 29 கொடியேற்றத்துக்கு அதில் இடம் போட்டுவிட்டார்களாம். நாங்கள் சவேரியாருக்கு இங்கே வந்ததையும், அவர்கள் மாதாவுக்கு அங்கே வரப்போவதையும் சொல்லிக்கொண்டோம். மடத்துக்குப் போனீர்களா என்று நான் கேட்டேன். உள்ளூர்க்காரர்கள், வாழ்நாளெல்லாம் அந்த முட்டுச் சுவரைத் தாண்டிப் போனவர்கள், உள்ளே போனதில்லை என்றார்கள். மதினி பெபிங்காப் பொட்டலத்தைப் பிரித்து அந்த வீட்டுக் குழந்தைகளுக்கு ஒவ்வொரு துண்டு கொடுத்தபடி, எந்தப் பக்கம் ஏற வேண்டும், எந்தச் சரிவில் பாசி இருக்கிறது, காவலரிடம் நாற்காலி கேட்டால் தருவார் என்பதையெல்லாம் ரயில் வரும்வரை அவர்களுக்கு விவரமாகச் சொல்லிக்கொண்டிருந்தார்.